ஒரு வார அவகாசம்

அந்த மனுவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கினேன். அந்த வருடம் சட்ட உதவி மையத்தில் அதற்கு மேல் யாரும் வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ பெரிய மனது பண்ணி ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

மையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சட்டக் கல்லூரியின் பின்பக்கம், நூலகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இரண்டு அறைகள். முன்னறையில் கட்சிக்காரர்கள் உட்கார ஆறு நாற்காலி, அதில் ஒன்று ஆடும். உள்ளறையில் நான்காம் ஆண்டு மாணவர்கள் பதினாறு பேர். இரண்டு பேருக்கு ஒரு வழக்கு, ஆக மொத்தம் எட்டுக் கோப்பு. வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் வருவார்கள். நாங்கள் கதை கேட்டு, எழுதி, மனு தயாரிப்போம். மேடம் திருத்துவார். மேடம் கையெழுத்து இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகாது. கோர்ட்டில் வாயைத் திறக்கும் உரிமையும் அவருக்கு மட்டும்தான். நாங்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். மிஞ்சிப்போனால் தும்மலாம்.

மேடத்தைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். இருபது வருடம் கோர்ட்டில் நின்றுவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். எந்த மாணவன் பசியோடு வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, அரைகுறையாக எழுதுவது. "ஏழைக்கு எழுதற மனுன்னா ஏனோதானோன்னு இருக்கலாமா?" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். இப்போதும் அதில் தப்பு இருப்பதாக என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

என் கூட்டாளிக்கு அடிக்குறிப்பு என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். காதல் கடிதம் எழுதினாலும் பக்கத்தின் அடியில் மூன்று தீர்ப்பைக் காட்டுவான் என்று கேலி செய்வோம். அவனும் சிரிப்பான், ஆனால் மறுக்க மாட்டான்.

எங்களுக்குக் கிடைத்த கட்சிக்காரர் ஒன்பதாம் தேதி வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளை உதறி, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுக்கிற வேலை. விரல் நுனிகள் ஊறி வெளுத்துப் போயிருந்தன. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை வக்கீலம்மா என்றார். 'நாங்கள் வக்கீல்கள் அல்ல, மாணவர்கள்' என்று எழுதிய தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், அது விதி. படித்துக் காட்டினேன்.

"படிக்கிற பிள்ளைங்களா? நல்லதாப் போச்சு. உங்களுக்கு இன்னும் பொய் சொல்ல வராது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவருடைய தங்கை இறந்தபோது தங்கை மகளுக்கு மூன்று வயது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, குழந்தையின் அப்பா ஒரு பையில் நாலு சட்டையைத் திணித்து அக்காவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் போனார். போனவர் ஆறு வருடம் கழித்து வந்து நிற்கிறார், வழக்கோடு.

"இப்ப ஏன் வந்தாராம்?" என்று கேட்டேன்.

"வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. போன வருஷம் ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்கு. தொட்டில் ஆட்ட ஆள் வேணும், சம்பளம் கேக்காத ஆளு" என்றார் அக்கா. "பாப்பாவுக்கு ஒன்பது வயசாச்சு. ரெண்டு புள்ளைய இடுப்புல தூக்கிற வயசு."

கீழ்க்கோர்ட்டில் அவருக்கு வக்கீல் இல்லை. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள், இருக்கிறார் என்றார். குழந்தையை உன்னிடம் ஒப்படைத்ததற்கு எழுத்து உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றார். மூன்றே வாய்தாவில் முடித்துவிட்டார்கள். பள்ளி ஆண்டு முடிந்ததும் குழந்தையை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த உத்தரவின் நகலைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். பின்பக்கத்தில் நகல் கொடுத்த முத்திரை இருந்தது. நான்காம் தேதி.

"மேல்முறையீடு பண்ணலாம் அக்கா. நகல் வாங்கின நாள்லேர்ந்து முப்பது நாள் இருக்கு."

"போதுமா அது?"

"தாராளம்" என்றேன்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி கடைசி நாள் என்று நேர்காணல் குறிப்பில் எழுதியும் வைத்தேன். இரண்டாம் பக்கம், ஐந்தாவது வரி. என் கையெழுத்தேதான், அழகாகவே இருக்கிறது. எழுதி வைத்தவள் அப்புறம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவே இல்லை.

ஏனென்றால் எங்களுக்குப் பலகை இருந்தது. உள்ளறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் எட்டுக் கோப்பின் எண், மாணவர் பெயர், கடைசியில் 'இறுதி நாள்' என்று ஒரு கட்டம். எட்டுக் கட்டத்திலும் ஒரே தேதி, இருபத்தொன்பது. கோப்பை முடித்து மதிப்பெண்ணுக்காக மேடத்திடம் ஒப்படைக்க வேண்டிய நாள் அது. மையத்தில் யாராவது இறுதி நாள் என்று சொன்னால் அதைத்தான் சொல்கிறார்கள் என்று அர்த்தம். கோர்ட்டுக்கும் ஒரு இறுதி நாள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், பரீட்சையில் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதியிருப்போம். அதற்கு முன் ஒரு மாதம் நாங்களே ஒருவருக்கொருவர் பொய்க் கட்சிக்காரராக நடித்துப் பயிற்சி எடுத்திருந்தோம். பொய்க் கட்சிக்காரர்களுக்குக் கெடு தாண்டியதாகச் சரித்திரமே இல்லை.

முதல் வரைவை ஒரே மூச்சில் எழுதினேன். பாசம், தாய்மை, ஈன்றவள் வளர்த்தவள் என்று கண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்பது பக்கம். மேடம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"இவங்க பாசமா இருக்காங்கன்னு நீ சொல்லி ஜட்ஜுக்கு என்ன ஆகணும்? காட்டு. ஆதாரத்த வெச்சுக் காட்டு."

காட்டினோம். அக்கா ஒருநாள் பாப்பாவை அழைத்து வந்தார். குழந்தைக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. அக்கா எப்போதும் அதன் இடது பக்கமாகவே நடந்தார், உட்காரும்போதும் இடது பக்கமே உட்கார்ந்தார். ஆறு வருடப் பழக்கம், தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. நான் கேட்டதும் வெட்கப்பட்டார். கீழ்க்கோர்ட்டில் அப்பா கொடுத்த வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்தோம். 'என் மகளுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை' என்றிருந்தது. அடிக்குறிப்பு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டான். பதினொன்றாவது பத்தி அப்படிப் பிறந்ததுதான்.

அவன் அதோடு விடவில்லை. சலவைக்கூடத்து மேற்பார்வையாளரின் காலைக் கையைப் பிடித்து வருகைப் பதிவேட்டின் நகலை வாங்கி வந்தான். ஆறு வருடம், மாதத்துக்கு ஒரு பக்கம். அக்கா விடுப்பு எடுத்ததெல்லாம் பாப்பாவைக் காது வைத்தியரிடம் காட்டிய நாட்களில் மட்டும். வைத்தியரின் சீட்டும் விடுப்பு நாளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 'பொறுப்பு என்பது இதுதான்' என்று ஒரு வரி எழுதினேன். மேடம் அந்த வரியை அடித்துவிட்டு, "பதிவேடே அதைச் சொல்லுதே, நீ எதுக்கு?" என்று எழுதினார். அவர் சொன்னது சரிதான்.

நான்காவது வரைவு இருபத்திரண்டாம் தேதி தயாரானது. மேடம் முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதையே தாக்கல் பண்ணலாம். தாராளமாப் போதும்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. "ஆனா இன்னும் நல்லா வரும். உங்களால முடியும்" என்று அடுத்ததாகச் சொன்னார்.

அந்த 'உங்களால முடியும்' என்ற சொல்லுக்கு நான் ஆடினேன் பாருங்கள் ஒரு ஆட்டம். ஐந்தாவது வரைவு, ஆறாவது வரைவு, தலைப்பை மாற்றி ஏழாவது. அக்கா செவ்வாய்க்கிழமை தோறும் இடைவேளையில் சலவைக்கூடத்திலிருந்து போன் செய்வார். பின்னால் இயந்திரங்கள் இரைகிற சத்தத்தில் கத்திக் கத்திப் பேசுவார்.

"எழுதியாச்சா வக்கீலம்மா?"

"எழுதிக்கிட்டே இருக்கோம் அக்கா. ரொம்ப நல்லா வருது!"

"போட்டாச்சா?"

"போட்டுடலாம் அக்கா. மேடம் இன்னும் கொஞ்சம் திருத்தணும்னாங்க."

"சரி, நீங்க பாத்துப்பீங்க" என்று வைத்துவிடுவார். நானும் பெருமையோடு வைத்துவிடுவேன்.

இருபத்தைந்தாம் தேதி வாக்கில் பரீட்சை அட்டவணை வந்தது. நான்கு தாள், நடுவில் இடைவெளியே இல்லை. கோப்பையும் முடிக்க வேண்டும், பரீட்சைக்கும் படிக்க வேண்டும் என்று எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வகுப்புப் பிரதிநிதி நான். எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நானாகவே முந்திக்கொண்டு போனேன்.

"மேடம், எல்லாரும் திணறிக்கிட்டு இருக்கோம். கோப்பு ஒப்படைக்க ஒரே ஒரு வாரம் தள்ளிக் குடுத்தீங்கன்னா..."

மேடம் நாள்காட்டியைப் பார்த்தார். கோர்ட்டு நாள்காட்டியை அல்ல, கல்லூரி நாள்காட்டியை.

"எட்டுக் கோப்புக்குமா?"

"எட்டுக்கும் மேடம்."

"சரி, எடுத்துக்குங்க. ஆனா அந்த ஒரு வாரம் வரைவுல தெரியணும்."

உள்ளறையில் கைதட்டிவிட்டார்கள். நான்தான் நாற்காலி மேல் ஏறி, இருபத்தொன்பதை அழித்துவிட்டு எட்டுக் கட்டத்திலும் ஐந்து என்று எழுதினேன். கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அடிக்குறிப்பு. வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவர் மேடம். சட்டம் படித்த மூன்று பேர். மூன்றாம் தேதி என்று ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? மற்ற ஏழு கோப்புகளுக்கும் அந்த ஒரு வாரத்தால் ஒரு கெடுதலும் வரவில்லை. அவற்றில் எதற்கும் கோர்ட்டுக் கெடு இல்லை.

மூன்றாம் தேதி நான் குற்றவியல் தாள் எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன். ஐந்தாம் தேதி ஒன்பதாவது வரைவை நீல நிற அட்டை போட்டு ஒப்படைத்தோம். வருகைப் பதிவேட்டை அன்றைய தேதி வரை இருக்கட்டும் என்று காலையில் போய்ப் புதுப்பித்து வந்திருந்தான் அடிக்குறிப்பு.

ஒன்பதாம் தேதி மேடம் எங்களைக் கூப்பிட்டார். மேசையில் எங்கள் கோப்பு திறந்திருந்தது.

"பதினொன்றாவது பத்திய மூணு தடவை படிச்சேன்" என்றார். "இருபது வருஷத்துல நான்கூட இப்படி எழுதினதில்ல. இன்னைக்கே தாக்கல் பண்ணிடுவோம்." கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், உத்தரவு நகலைப் பின்பக்கம் திருப்பினார். முத்திரையைப் பார்த்தார். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதல் விரலுக்கு வந்தார்.

அடிக்குறிப்பின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும் பாக்கலயா?" என்றார் மேடம். அது எங்களைக் கேட்ட கேள்வி மட்டும் இல்லை.

மேல்முறையீடு தாமதமானால் அதை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனுப் போட வேண்டும், கூடவே தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கட்சிக்காரர் சத்தியம் செய்து ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். எல்லாம் எழுதிப் பதினொன்றாம் தேதி தாக்கல் பண்ணினால் எட்டு நாள் தாமதம். அது பெரிய விஷயமே இல்லை, எட்டு மாதத்தையே மன்னித்திருக்கிறார்கள். காரணம்தான் முக்கியம்.

"மேடம், வக்கீல் பண்ணின தப்புக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கு. நாலு தீர்ப்பு இருக்கு" என்றான் அடிக்குறிப்பு. "நடந்தத நடந்தபடியே எழுதிடலாம் மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது. மாணவர்கள் கையில வழக்கைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்னு சொல்றதுக்கு அதுல ரெண்டு பேரு காத்துக்கிட்டிருக்காங்க. நாமே எழுதிக் குடுத்தா இந்த மையத்த இழுத்து மூடிடுவாங்க. இதுக்கப்புறம் வர்ற இல்லாதப்பட்டவங்க எங்க போவாங்க, சொல்லு?"

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. நாற்காலியில் ஏறிப் பலகையை அழித்தவள் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது என்ற அசிங்கமான நிம்மதி. அதற்கு 'வருங்காலத்து ஏழைகள்' என்று ஒரு சப்பைக்கட்டும் கைக்குக் கிடைத்துவிட்டது.

காரணம் வக்கீல்களின் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கும். 'மனுதாரர் உடல்நலக் குறைவால் மூன்று வாரம் படுத்த படுக்கையாக இருந்ததாலும், அன்றாடக் காரியங்களைக்கூடச் செய்ய இயலாத நிலையில் இருந்ததாலும்...' எல்லோரும் போடுவதுதான். எந்த நீதிபதியும் அதை நம்புவதில்லை, எந்த நீதிபதியும் கேள்வி கேட்பதுமில்லை. பெயரை மட்டும் மாற்றினேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒன்பது முறை திருத்தி எழுதிய மனுவோடு, ஒருமுறைகூடத் திருப்பிப் படிக்காத அந்த ஒரு பக்கத்தைச் சேர்த்துத் தைத்தோம்.

கையெழுத்து வாங்க நான்தான் சலவைக்கூடத்துக்குப் போனேன். கட்சிக்காரர் கையெழுத்திடும் எதையும் முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும், அதுவும் விதிதான். அக்கா இடைவேளையில் ஈரக் கையோடு ஓடி வந்தார். உள்ளேயிருந்து வந்த வெக்கை வாசல் வரை அடித்தது.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு அக்கா. அதுக்கு ஒரு காரணம் எழுதிக் குடுக்கணும். எல்லாரும் குடுக்கிறதுதான்."

"லேட்டாயிடுச்சா?" அவர் முகம் ஒரு கணம் மாறியது. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது அக்கா."

"நான் படிக்கணுமா இத?"

"வேணாம் அக்கா. எல்லாம் கோர்ட்டு பாஷை" என்றேன்.

கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, காகிதம் நனைந்துவிடாமல் விரல் நுனியால் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, வெயிலில் வந்திருக்கிறேனே என்று உள்ளே ஓடிப்போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். குடிக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

மதிப்பெண் அடுத்த வாரம் வந்தது. நூறிலிருந்து ஆறு குறைந்தது எதற்கு என்று மேடம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

மன்னிப்பு மனு விசாரணைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. மாடியில் சின்ன கோர்ட்டு அறை. மேடம் முன்வரிசையில். அக்கா அவருக்குப் பின்னால், சுவரோரம். சலவைக்கூடத்தில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் குழந்தையின் அப்பா காலை நீட்டி உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நானும் அடிக்குறிப்பும் பின் பெஞ்சில், நோட்டும் கையுமாக.

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெதுவாக எழுந்து, மெதுவாகவே பேசினார்.

"ஐயா, எட்டு நாள் தாமதத்தை நான் பெருசு பண்ண வரல. இந்தம்மா சத்தியம் பண்ணிக் குடுத்த காரணத்தை மட்டும் ஒரு தடவை படிக்கிறேன்." படித்தார். படுத்த படுக்கை, அன்றாடக் காரியங்களைக்கூட, இயலாத நிலை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். யாரோ வேறு ஒருவரின் வழக்கைப் படிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"இப்ப இவங்களே தாக்கல் பண்ணியிருக்கற மேல்முறையீட்டு மனுவோட ஏழாவது இணைப்பு. வேலை செய்யற இடத்து வருகைப் பதிவேடு. நான் கேட்டு வாங்கினது இல்ல ஐயா, அவங்களே குடுத்தது. கடைசிப் பக்கத்தப் பாருங்க. படுத்த படுக்கையா இருந்ததா சொல்ற அந்த மூணு வாரமும் ஒரு நாள் தவறாம வேலைக்கு வந்திருக்காங்க."

பக்கத்தில் அடிக்குறிப்பின் பேனா கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"பத்திரத்துல இருக்கறது உண்மைன்னா, தன் காரியத்தயே பாத்துக்க முடியாத ஒருத்தங்க கிட்ட ஒரு குழந்தை மூணு வாரம் இருந்திருக்கு. பொய்யின்னா, கோர்ட்டுல சத்தியம் பண்ணிப் பொய் சொல்றவங்க கிட்ட ஒரு குழந்தை வளர்ந்துக்கிட்டிருக்கு. ரெண்டுல எதுன்னு அவங்களே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நீதிபதி மேடத்தைப் பார்த்தார். மேடம் எழுந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஐயா, தப்பு எங்களுடையது, இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவுதான், ஒரு வாக்கியம். மேடம் திரும்பிப் பின் பெஞ்சில் இருந்த எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு முன்னால் திரும்பி, "அது ஒரு வழக்கமான வாசகம் ஐயா..." என்று ஆரம்பித்தார்.

"வழக்கமான பொய்யின்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

மாணவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை அன்று நான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினேன். படித்துக் காட்ட வேண்டும் என்ற விதியை மீறியவளுக்கு இந்த விதி மட்டும் எப்படி அவ்வளவு புனிதமாகப் போனது என்று கேட்காதீர்கள். மனு தள்ளுபடி. மேல்முறையீடு விசாரிக்கப்படாமலேயே முடிந்தது. பதினொன்றாவது பத்தியை அந்த அறையில் ஒருவரும் படிக்கவில்லை.

நடைக்கூடத்தில் மேடம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்று ஏதோ சொன்னார். சொல்லி முடிக்காமலே விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். அடிக்குறிப்பு அவர் பின்னாலேயே போனான். அக்காவும் நானும் நின்றோம்.

"வக்கீலம்மா, எனக்கு எப்ப உடம்பு சரியில்லாமப் போச்சு?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்கிற மாதிரி.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல அக்கா" என்றேன். "நாங்கதான் லேட் பண்ணிட்டோம். பரீட்சை வந்துச்சு. நான்தான் ஒரு வாரம் தள்ளிக் கேட்டேன். மனு இன்னும் நல்லா வரும்னு... அத வெளிய சொல்ல முடியாம உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிட்டோம்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அழுது காலில் விழுந்து தப்பித்திருப்பேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"நகல் வாங்கின அன்னிக்கே கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிறவர் சொன்னாரு, ரெண்டு பக்கத்துல அடிச்சுத் தர்றேன், இன்னிக்கே போட்டுட்டுப் போம்மான்னு. நான்தான் வேணாம்னேன். படிச்ச பிள்ளைங்க இருக்காங்களாமேன்னு உங்ககிட்ட வந்தேன்." ஊறிப்போன விரல்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை போன் பண்ணேனே. நல்லா எழுதியாச்சான்னா கேட்டேன்? போட்டாச்சான்னுதானே கேட்டேன்."

சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்றரை தாண்டியிருந்தது.

"பள்ளிக்கூடம் விட்டுடும், போகணும்" என்றார். "வருஷ லீவு விடற வரைக்கும் இன்னும் ஒன்பது நாள் நான்தான கூட்டிட்டு வரணும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாருக்கோ வழிவிடுகிறவர் போலச் சுவரை ஒட்டியே நடந்து படியிறங்கிப் போனார்.